வீட்டு ஏசியும் சொந்தத் தானியக்கமும்: உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

வீட்டில் பொருத்தப்பட்ட ஏசியை, நிறுவனம் கொடுத்த ரிமோட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், வீட்டுக்காரர் தாமே வாங்கிய அல்லது தாமே கோத்த சிறு மின்னணுக் கருவிகளைக் கொண்டு, நேரம், அறையின் வெப்பம், அறையில் ஆள் இருப்பது, இல்லாதது ஆகியவற்றுக்கு ஏற்பத் தானாக இயங்கச் செய்வதே சொந்தத் தானியக்கம் எனப்படுகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32 போன்ற வைஃபை சில்லுகளும், 2013-ல் தொடங்கப்பட்டு இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருளாக வளர்ந்திருக்கும் ஹோம் அசிஸ்டன்டும், பொறியியல் படித்தவர்களின் மேசையில் மட்டும் நடந்துவந்த இந்த வேலையைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்துவிட்டன. இதில் கிடைக்கும் பயனும் சிறியதல்ல. ஏசியின் வெப்ப அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் செயலகம் கூறிவருகிறது. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் அனைத்தும், இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதியும் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நள்ளிரவுக்குப் பின் அளவைத் தானாக உயர்த்துவதும், ஆளில்லாத அறையில் ஏசியை நிறுத்துவதும் அந்த விதியின் நோக்கத்தையே வீட்டுக்குள் மேலும் நீட்டிப்பவை.

ஆயினும் ஏசி, விளக்கையோ மின்விசிறியையோ போன்ற எளிய சாதனம் அன்று. அதிக மின்னோட்டம், அழுத்தத்தில் அடைபட்ட குளிர்வாயு, நிறுவனத்தின் மென்பொருள், விற்பனை ஒப்பந்தமாகிய வாரண்டி ஆகிய நான்கும் அதில் ஒருங்கே உள்ளன. ஆதலால் அதைத் தானியக்கத்தில் இணைக்க விரும்புபவர், எந்த இடத்திலிருந்து கட்டளை இடுகிறார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சாதனத்துக்கு வெளியே நின்று கட்டளையிடுபவருக்கு ஆபத்து குறைவு, சட்டத்தின் காப்பு முழுமையாக உண்டு. மூடியைத் திறந்து உள்ளே செல்லச் செல்ல ஆபத்து ஏறுகிறது, சட்டத்தின் காப்பு இறங்குகிறது.

இணைக்கும் வழிகள் நான்கு

முதல் வழி, ரிமோட்டைப் போலவே நடிக்கும் அகச்சிவப்புக் கருவி. ஏசி ரிமோட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, பெரும்பாலும் நொடிக்கு 38,000 துடிப்புகள் கொண்ட அலையாக அனுப்புகிறது. தொலைக்காட்சி ரிமோட் ஒரு பொத்தானுக்கு ஒரு குறியீட்டை மட்டும் அனுப்ப, ஏசி ரிமோட்டோ ஒவ்வொரு அழுத்தத்திலும் இயக்க முறை, வெப்ப அளவு, விசிறி வேகம், காற்றின் திசை ஆகிய முழு நிலையையும் சேர்த்தே அனுப்புவது வழக்கம். இந்தக் குறியீட்டைக் கற்றுக்கொண்டு மீண்டும் அனுப்பும் கருவி ஏசியின் ஒரு திருகைக்கூடத் தொடுவதில்லை என்பது இதன் பெரும் சிறப்பு. இது ஒருவழிப் பேச்சு என்பது இதன் குறை. கட்டளை போய்ச் சேர்ந்ததா, இடையில் வீட்டில் வேறொருவர் கையில் ரிமோட்டை எடுத்து அளவை மாற்றிவிட்டாரா என்பதை அந்தக் கருவி அறியாது. குளிர்காற்று வெளிவரும் வாயருகே ஒரு வெப்ப உணரியை வைத்து, ஏசி உண்மையில் ஓடுகிறதா என்று சரிபார்ப்பதன் மூலம் இக்குறையைப் பெருமளவு நீக்கலாம்.

இரண்டாவது வழி, ஏசியின் பிளக்குக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் இடையில் வைக்கப்படும் ஸ்மார்ட் பிளக். மூன்றாவது வழி, ஏசியின் உட்பலகையில் நிறுவனம் தன் வைஃபை அட்டைக்காகவோ பழுது பார்ப்பதற்காகவோ விட்டுவைத்திருக்கும் தொடர் தரவு முனையில் சொந்தச் சில்லை இணைப்பது. மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏசிகளில் சிஎன்105 என்றும், டைகின் ஏசிகளில் எஸ்21 என்றும் அறியப்படும் முனைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவ்வழியில் ஏசியின் உண்மை நிலை திரும்பக் கிடைக்கும் என்பதால் ஆர்வலர்கள் இதையே மிகச் சிறந்ததாகக் கருதுகின்றனர். நான்காவது வழி, நிறுவனமே தரும் வைஃபை வசதி; இதில் கட்டளை கைபேசிச் செயலியிலிருந்து பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வருக்குச் சென்று, அங்கிருந்து வீட்டு ஏசிக்கு வருகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்கள் ஒரே மொழியில் பேசுவதற்காக 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்னும் பொதுத்தரம், 2023-ல் வந்த 1.2 பதிப்பில் அறை ஏசிகளையும் சேர்த்துக்கொண்டது. அத்தரத்துக்கு இணங்கும் ஏசியை வீட்டு வலைப்பின்னலுக்குள்ளேயே, வெளிச் சர்வரின் துணையின்றி இயக்க இயலும் என்பதால், புதிதாக வாங்குபவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

மின்சாரத்தால் வரும் ஆபத்துகள்

ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் மின்சாரத்தை, அதாவது 230 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியரை, மணிக்கணக்கில் இடைவிடாமல் இழுக்கிறது. இன்வெர்ட்டர் வகை அல்லாத பழைய ஏசிகளில் கம்ப்ரசர் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் இதைப் போலப் பல மடங்கு எகிறும். 6 அல்லது 10 ஆம்பியருக்கு மட்டும் ஏற்ற ஸ்மார்ட் பிளக்கை இங்கே செருகினால் அதன் உள்ளிருக்கும் ரிலேயின் தொடுமுனைகள், அதாவது மின்சாரத்தை இணைத்தும் பிரித்தும் விடும் உலோக முனைகள், உருகி ஒட்டிக்கொள்ளக்கூடும். அதன்பின் செயலி 'நிறுத்தப்பட்டது' என்று காட்டினாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 16 ஆம்பியர் என்று அச்சிட்ட பிளக்கிலும், அந்த அளவு ஹீட்டர் போன்ற எளிய சுமைக்கா, மோட்டார் சுமைக்கும் சேர்த்தா என்பதைப் பார்க்க வேண்டும். தளர்ந்த சாக்கெட்டில் பிளக் சூடேறிக் கருகுவதும், ஜங்ஷன் பாக்ஸில் ஏசியைச் செருகித் தீப்பிடிப்பதும் தானியக்கம் இல்லாத வீடுகளிலேயே நேர்பவை. ஆளில்லாத நேரத்தில் ஏசியைத் தானாக இயக்கும் வீட்டில், கருகல் நாற்றத்தை உணர்ந்து சுவிட்சை அணைக்க யாரும் இருக்கமாட்டார் என்பதே கூடுதல் ஆபத்து.

உட்பலகையில் கைவைப்பது இதைவிடப் பன்மடங்கு அபாயகரமானது. 5 வோல்ட் என்று குறிக்கப்பட்ட முனை, கைபேசி சார்ஜரின் 5 வோல்ட்டைப் போல எப்போதும் தீங்கற்றது என்று எண்ணுவது பெரும் தவறு. சார்ஜருக்குள் வீட்டு மின்சாரத்தையும் வெளிமுனையையும் பிரிக்கும் காப்பு உண்டு. ஏசியின் பலகைகள் சிலவற்றில் அப்பிரிப்பு இல்லை. அத்தகைய பலகையில் 5 வோல்ட் முனையின் அடித்தளக் கம்பியே வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். ஏசிக்கு மின்சாரம் இருக்கும்போது அந்த முனையையும் மடிக்கணினியையும் யுஎஸ்பி கம்பியால் இணைப்பவர், மடிக்கணினியை இழப்பதோடு உயிரையும் இழக்க நேரலாம். இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோர் யூனிட்டிலோ, 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தத்தைத் தேக்கிவைக்கும் பெரிய மின்தேக்கிகள் உள்ளன. சுவிட்சை அணைத்துச் சில நிமிடங்கள் வரையிலும் அந்த மின்னூட்டம் வடியாமல் இருக்கக்கூடும். மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை மட்டும் அங்கே காப்பாற்றாது.

குளிர்வாயுவையும் கருத வேண்டும். இன்று பல ஏசிகளில் உள்ள ஆர்32 வாயு மெல்ல எரியும் தன்மையுடையது என்றும், சில ஏசிகளில் உள்ள ஆர்290 எளிதில் தீப்பற்றும் தன்மையுடையது என்றும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆர்290 என்பது புரோப்பேன் வாயுவே. வாயு கசிந்தால் தேங்கக்கூடிய இன்டோர் யூனிட்டின் கூட்டுக்குள், பொறி எழுப்பக்கூடிய ரிலேயையோ பொருந்தாத மின்வழங்கிப் பலகையையோ திணிப்பது, உற்பத்தியாளர் தீப்பொறிக்கு இடமின்றி வடிவமைத்த இடத்தில் அதற்கு இடம் கொடுப்பதாகும்.

இயந்திரத்துக்கும் மின்கட்டணத்துக்கும் வரும் கேடு

கம்ப்ரசர் நின்றவுடன் குழாய்களின் இருபுறமும் உள்ள வாயு அழுத்தம் சமமாவதற்குச் சில நிமிடங்கள் தேவைப்படுவதால், ஏசியின் பலகை ஏறத்தாழ மூன்று நிமிடத் தாமதத்துக்குப் பின்னரே அதை மீண்டும் தொடங்க விடுகிறது. கம்ப்ரசரின் இணைப்பில் நேரடியாக ரிலே வைத்து இயக்குபவர் இந்தக் காப்பைத் தாண்டிச் சென்றுவிடுகிறார். அழுத்தத்துக்கு எதிராகத் தொடங்கத் திணறும் கம்ப்ரசர் சூடேறிப் பழுதடையலாம். ஸ்மார்ட் பிளக்கால் மின்சாரத்தையே வெட்டுவதிலும் சிக்கல் உண்டு. மின்சாரம் திரும்பியதும் பழைய நிலைக்கே தானாகத் திரும்பும் வசதி எல்லா ஏசியிலும் இராது. அது இல்லாத ஏசியைப் பிளக்கால் நிறுத்தலாமே தவிரத் தொடங்க முடியாது.

பலர் அறியாத இன்னொரு செய்தி, தவறாக எழுதப்பட்ட தானியக்கம் மின்கட்டணத்தை உயர்த்தக்கூடும் என்பது. இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்தபின் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பதால்தான் சிக்கனமாகிறது. 25 டிகிரியைத் தாண்டினால் இயக்கு, இறங்கினால் நிறுத்து என்று எழுதப்பட்ட விதி, அந்தச் சிக்கனத்தைப் பறித்து, அதைப் பழைய வகை ஏசியாக ஆக்கிவிடுகிறது. இயக்குவதும் நிறுத்துவதுமாக இல்லாமல் வெப்ப அளவை மட்டும் 24-லிருந்து 26-க்கும், பின் 27-க்கும் மாற்றுவதே நல்ல தானியக்கம். நிறுத்த வேண்டிய இடத்தில், இயக்கும் அளவுக்கும் நிறுத்தும் அளவுக்கும் இடையில் குறைந்தது ஓரிரு டிகிரி இடைவெளியும், இரு கட்டளைகளுக்கு இடையில் சில நிமிட இடைவெளியும் விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

வலைப்பின்னல் வழியாக வரும் ஆபத்துகள்

மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்களோடு இணையத்தில் கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் மிராய் என்னும் தீநிரல் கைப்பற்றி, 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்னும் இணையச் சேவை நிறுவனத்தைத் தாக்கியபோது, உலகின் பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. வீட்டுச் சாதனத்தின் கதவைத் திறந்து வைப்பது அந்த வீட்டோடு முடிகிற செயல் அல்ல என்பதை அந்நிகழ்வு காட்டியது. ஏசி இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதிக மின்சாரம் இழுக்கும் வீட்டுச் சாதனங்களைப் பெருந்தொகையில் கைப்பற்றி ஒரே கணத்தில் இயக்கினாலோ நிறுத்தினாலோ மின்தொகுப்பின் சமநிலையே குலையக்கூடும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர். ஆகவே, வெளியூரிலிருந்து ஏசியை இயக்கும் ஆசைக்காக ரவுட்டரில் வாயிலைத் திறந்துவிடுவதும், கடவுச்சொல் இல்லாமல் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற கட்டளை மையத்தை இணையத்துக்குக் காட்டுவதும் அறவே தவிர்க்கத்தக்கவை. தானியக்கக் கருவிகளுக்கு ரவுட்டரில் தனி வலைப்பின்னல் ஒதுக்குவதும், வெளியிலிருந்து வருவதற்கு விபிஎன் எனப்படும் மறையாக்கப்பட்ட தனிவழியைப் பயன்படுத்துவதும் போதிய காப்புகள்.

கம்பியில்லாக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். வைஃபையும் ஜிக்பீயும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும், 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பட்டையும் இந்தியாவில் விதிக்கப்பட்ட திறன் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டவை. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டு 900 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும் கருவிகளுக்கு அந்த விலக்கு இல்லை. அவை இங்குள்ள கைபேசி அலைவரிசைகளில் குறுக்கிடவும் கூடும்.

சர்வரை நம்பிய சாதனம் அந்தச் சர்வரின் ஆயுள் வரையே வாழும் என்பதும் ஓர் ஆபத்தே. நெஸ்ட் நிறுவனத்தின் கைக்கு வந்த ரிவால்வ் என்னும் கட்டளை மையம் 2016 மே மாதத்திலும், இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலிலும் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகள் ஒரே நாளில் வேலையற்றுப்போயின. பத்தாண்டு உழைக்க வேண்டிய ஏசியின் கட்டுப்பாட்டை ஒரு செயலியிடம் மட்டும் ஒப்படைப்பது இதனால் உகந்ததன்று.

வீட்டுக்குள் இருப்பவர்களின் உரிமை

ஆள் இருப்பதை உணரும் கருவிகள், யார் எப்போது தூங்குகிறார், எப்போது வெளியே போகிறார் என்ற குடும்பத்தின் அன்றாட நடப்பையே பதிவு செய்கின்றன. அப்பதிவு திருடரின் கைக்குப் போனால் வீடு காலியாக இருக்கும் நேரம் தெரிந்துவிடும். குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அது மற்றவர்களைக் கண்காணிக்கும் கருவியாகிவிடும். வெளியூரில் இருக்கும் ஒருவர் வீட்டில் இருப்பவரின் அறை ஏசியை வேண்டுமென்றே நிறுத்துவதும் அடைப்பதும் துன்புறுத்தலே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உடலைத் தாக்குவதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் வன்முறையாக வரையறுப்பதால், அத்தகைய நிலைக்கு ஆளான பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். முதியவர், கைக்குழந்தை, நோயாளி இருக்கும் அறையில், தானியக்கம் எந்த நிலையில் இருந்தாலும் ரிமோட்டின் கட்டளையே மேலோங்க வேண்டும். வைஃபை நின்றாலும், கட்டளை மையம் பழுதடைந்தாலும், ஏசி சாதாரண ஏசியாக இயங்க வேண்டும். இதற்கு இடம் கொடுக்காத எந்த அமைப்பும் வீட்டுக்கு ஏற்றதன்று. வாடகை வீட்டில் வசிப்பவர், சுவரையும் வயரிங்கையும் வீட்டு உரிமையாளரின் ஏசியையும் மாற்றும் வேலைக்கு அவரிடம் எழுத்து வழி ஒப்புதல் பெறுவது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும்.

சட்டம் தரும் உரிமைகள்

வாங்கிய பொருளோடு தன் சொந்தக் கருவி பேசும் வழியைக் கண்டறிவது குற்றமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52(1)(ஏபி) இதற்குத் தெளிவான விடை தருகிறது: ஒரு நிரலைச் சட்டப்படி உடைமையாகக் கொண்டவர், தனியாக உருவாக்கப்பட்ட வேறொரு நிரல் அதனுடன் இணைந்து இயங்குவதற்கு இன்றியமையாத தகவலைப் பெறச் செய்யும் செயல்கள், அத்தகவல் வேறு வகையில் எளிதில் கிடைக்காத நிலையில், பதிப்புரிமை மீறல் ஆகா. பூட்டப்பட்ட மென்பொருளைத் திறப்பதைத் தண்டிக்கும் பிரிவு 65ஏ, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டபோதும், பதிப்புரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்று வரையறுத்தது. தன் வீட்டு ஏசியின் குறியீட்டைப் படித்தறிவது இக்காப்புக்குள் வரும். நிறுவனத்தின் சர்வரோ வீட்டுக்காரரின் உடைமை அன்று. உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினி அமைப்பில் நுழைவதைத் தடுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43 அங்கே குறுக்கிடக்கூடும். வீட்டுக்குள் முடியும் தானியக்கத்துக்கும் நிறுவனத்தின் சர்வரைத் தொடும் தானியக்கத்துக்கும் உள்ள சட்ட வேறுபாடு இதுவே.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஹையர் நிறுவனத்தின் வீட்டுச் சாதனங்களை ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் இலவச நிரலை எழுதி வெளியிட்ட ஜெர்மானிய நிரலாளருக்கு, அந்நிரல் தனக்குப் பொருளாதார இழப்பை விளைவிப்பதாகவும் அதை அகற்ற வேண்டும் என்றும் 2024 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவிப்பு அனுப்பியது. அந்நிரல் நிறுவனத்தின் சர்வரோடு பேசுவது என்பதே சச்சரவின் மையம். பயனாளர்களின் எதிர்ப்பு பெருகியதும் நிறுவனம் இணக்கமான பேச்சுக்கு முன்வந்தது. வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் நிறுவனங்கள் செவிசாய்க்கும் என்பதற்கும், சர்வரை நம்பிய இணைப்பு எவ்வளவு நொய்ந்தது என்பதற்கும் இந்நிகழ்வு சான்று.

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரும் விற்பனையாளரும் இழப்பீடு தரும் பொறுப்பைத் தனி அத்தியாயமாக வகுத்துள்ளது. வீட்டுத் தானியக்கத்தில் ஈடுபடுபவர் அதன் பிரிவு 87-ஐ மனத்தில் இருத்த வேண்டும்: தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால், விற்பனையாளர் மீது அந்தப் பொறுப்பைச் சுமத்த இயலாது. மூடியைத் திறந்து சொந்தச் சில்லைப் பொருத்தியவர் விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது, இந்தப் பிரிவே அவருக்கு எதிராக நீட்டப்படும். அகச்சிவப்புக் கருவியைப் பயன்படுத்தியவருக்கோ இத்தடை இல்லை. ரிமோட் அனுப்பும் அதே குறியீட்டை வேறொரு கருவி அனுப்புவது ஏசியை மாற்றியமைப்பது ஆகாது. அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்கும் நிறுவனத்தை, சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் எதிர்க்கலாம். மறுப்பு எந்த விதியின்படி, எந்தப் பழுதுக்காக என்பதை எழுத்தில் தருமாறு கேட்பது அதற்கான முதற்படி.

தனிநபர் தரவைப் பொறுத்தவரை, எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஏசி நிறுவனம் தன் செயலி வழியாகத் திரட்டும் தரவுக்குப் பொருந்தும். ஒருவர் தம் சொந்த வீட்டுத் தேவைக்காகத் தாமே கையாளும் தரவுக்குப் பொருந்தாது. இச்சட்டத்தின்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும், கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறும் உரிமையும், தரவை அழிக்கக் கோரும் உரிமையும் பயனாளருக்கு உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, சட்டத்தின் பிரிவுகளும் விதிகளும் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

தீங்கு நேர்ந்தால் நாட வேண்டிய இடங்கள்

வாரண்டி மறுக்கப்பட்டாலோ, விளம்பரத்தில் சொன்ன வைஃபை வசதி இயங்காவிட்டாலோ, செயலி திடீரென நிறுத்தப்பட்டாலோ, நிறுவனத்துக்கு எழுத்து வழிப் புகார் அளித்த பின், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐத் தமிழிலேயே அழைக்கலாம். அங்கு தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும் என்பதால் வீட்டு ஏசி வழக்குகள் அனைத்தும் அங்கேயே அடங்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வாங்கிய ஊரில் அல்லாமல் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது கட்டாயம். பழுதின் காரணம் சச்சரவுக்குரியதானால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. ஒப்பந்த விதியே ஒருதலைப்பட்சமானது என்று வாதிட விரும்புபவர் மட்டும் மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும்.

மின்விபத்தில் உயிரிழப்போ காயமோ நேர்ந்தால், மின்சாரச் சட்டம், 2003, பிரிவு 161-இன்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் தரப்பட்டு விசாரிக்கப்பட வேண்டும். தீ விபத்தில் தீயணைப்புத் துறையின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவதும், கருகிய பிளக்கையும் சாக்கெட்டையும் எறியாமல் படம் எடுத்துப் பாதுகாப்பதும், காப்பீட்டுக் கோரிக்கைக்கும் நுகர்வோர் வழக்குக்கும் அடிப்படையாக அமையும். கட்டளை மையத்துக்குள் அன்னியர் புகுந்ததாகத் தெரிந்தால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, கடவுச்சொற்களை மாற்றி, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பண இழப்பும் நேர்ந்திருந்தால் 1930 என்ற எண்ணை அழைக்கத் தாமதிக்கக் கூடாது. தீநிரல் தாக்கிய கருவிகளைச் சுத்தம் செய்யும் இலவச மென்பொருள்களை, இந்தியக் கணினி அவசரநிலைக் குழு நடத்தும் சைபர் ஸ்வச்தா மையம் வழங்குகிறது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

ஏசிக்குத் தனி வயர், தனி எம்சிபி, சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி ஆகியவை உள்ளனவா என்பதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு சோதிப்பதே முதல் வேலை. விளக்கையோ சுவிட்சையோ அதே திறனில் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் நீங்கலாக, வயரிங்கில் சேர்ப்பதும் மாற்றுவதும் உரிமம் பெற்றவர் வழியாகவே நடக்க வேண்டும் என்று மின்பாதுகாப்பு விதிமுறைகள் வலியுறுத்துகின்றன. அடுத்து, வாரண்டி அட்டையின் விலக்குப் பகுதியைப் படித்து, வாங்கிய ரசீது, நிறுவிய தேதி, பழுது பார்த்த சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைக்க வேண்டும். பின்னர் அகச்சிவப்புக் கருவியில் தொடங்கி, வெப்ப அளவை மாற்றும் விதிகளை மட்டும் எழுதி, ஏசி உண்மையில் கட்டளைக்குப் பணிகிறதா என்பதை உணரியால் சரிபார்த்து, சில வாரங்கள் கண்காணித்த பிறகே ஆளில்லாத நேர இயக்கத்துக்குச் செல்வது முறை. உட்பலகை இணைப்பு வேண்டும் என்று உறுதியாக இருப்பவர், அந்த மாடலுக்கு நிறுவனமே விற்கும் வைஃபை அட்டை இருக்கிறதா என்று முதலில் கேட்டு, அதை நிறுவனத்தின் பணியாளரைக் கொண்டே பொருத்திக்கொள்வது உயிருக்கும் வாரண்டிக்கும் ஒருசேரக் காப்பு.

சொந்த வீட்டில் சொந்தப் பொருளைத் தன் விருப்பப்படி இயக்கும் ஆர்வம் மதிக்கத்தக்கது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நோக்கமும் சேர்ந்தால் அது பாராட்டுக்குரியது. அந்த ஆர்வத்துக்குத் தேவையான ஏறத்தாழ எல்லாவற்றையும், ஏசியின் மூடியைத் திறக்காமலேயே, வெளியில் வைக்கும் ஒரு சிறு கருவியால் பெற முடியும். ஆதலால் வீட்டுக்காரர்கள் வெளியிலிருந்து கட்டளையிடும் வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வழியில் நிறுவனம் குறுக்கே நின்றால், தயங்காமல் 1915-ஐ அழைத்துத் தம் உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும்.